கடைக்குட்டிப் பல்லும் முறிந்த தாடையும்



பிள்ளைகளின் படிப்பைப் பற்றியே எழுதிப் பழகிய நான் இன்று பல்லைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். தலைப்பைப் பார்த்து வியக்க வேண்டாம். ஆசிரியர் போகிற போக்கில் சொல்லும் ஒரு சொல் ஒரு குடும்பத்தில் எவ்வளவு ஆழமாகப் போய்த் தங்கிவிடுகிறது என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு பல்தான்.

கடந்த ஆண்டின் இறுதியில், மழை விட்டும் விடாத ஒரு மாலையில், என் பழைய மாணவன் ஒருவன் சுபாங் ஜெயா எஸ்.எஸ்.15 வட்டாரத்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து சறுக்கி விழுந்தான். அவனுக்கு வயது 19. பகலில் கல்லூரி; மாலையில் வீடு வீடாக உணவு கொண்டு சேர்க்கும் வேலை. வேறு வண்டி எதுவும் மோதவில்லை. ஈரச் சாலையில் சக்கரம் வழுக்கியது. முகவாயின் வலப்பக்கம் நடைபாதை விளிம்பில் மோதியது. தலையில் கவசம் இருந்தது. ஆனால், அது நெற்றியையும் காதையும் மட்டுமே மறைக்கும் திறந்த கவசம்.

ஒரு வாரம் கழித்து அவனைப் பார்க்க வீட்டுக்குச் சென்றேன். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மைலோவும் கஞ்சித் தண்ணீருமே உணவு. ஒரு காலத்தில் பேச்சுப் போட்டியில் முழங்கிய பிள்ளை, பல்லைக் கடித்தபடி "வாங்க டீச்சர்" என்று முனகியபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அவனுடைய தாயார் எக்ஸ்ரே படத்தைக் கொண்டுவந்து காட்டினார். தாடை இரண்டு இடங்களில் முறிந்திருந்தது. ஒன்று, அடிபட்ட வலப்பக்க முகவாய். அதில் வியப்பில்லை. மற்றொன்று அடியே படாத இடப்பக்கம். காதுக்குக் கீழே தாடை வளைந்து மேலேறும் மூலை. அந்த மூலையில் ஈறுக்குள் படுத்துக் கிடந்த ஞானப்பல்லின் வழியாக முறிவுக்கோடு ஓடியிருந்தது.

"அந்தப் பல்ல அப்பவே எடுத்திருந்தா இந்தப் பக்கம் உடைஞ்சிருக்காதாமே, டீச்சர்? பார்க்க வந்தவங்க எல்லாம் அப்படித்தான் சொல்றாங்க" என்றார்.

நான் விடை சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பதே உண்மை. ஈராண்டுகளுக்கு முன்பு, பையன் படிவம் 5 படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பல் மருத்துவர் இதே பல்லைப் படத்தில் பார்த்துவிட்டு, "எடுத்துவிடலாம், அல்லது ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டு இருக்கலாம்" என்று கூறியிருந்தார். தீபாவளிக்குத் துணி எடுக்கப் பிரிக்பீல்ட்ஸ் சென்றிருந்த இடத்தில் தாயார் என்னிடம் யோசனை கேட்டார். "வலிக்காத பல்லை ஏன் பிடுங்கணும்? முதல்ல எஸ்.பி.எம். முடியட்டும்" என்றேன். டீச்சரே சொல்லிவிட்டார் என்று அந்தப் பேச்சை அத்தோடு முடித்துவிட்டார்கள். ஆண்டுதோறும் பார்க்கும் வழக்கமும் நின்றுபோயிற்று.

பல் மருத்துவத்தில் ஓர் எழுத்தும் அறியாத நான் எந்தத் துணிவில் அதைச் சொன்னேன்?

பெயரில் என்ன இருக்கிறது?

பதினேழு வயதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில், அறிவு முதிரும் பருவத்தில் முளைப்பதால் இதற்கு ஞானப்பல் என்று பெயர் வந்தது. அறிவுப்பல் என்பாரும் உண்டு. மலாய்க்காரர்களோ 'கெராஹாம் போங்சு' என்கிறார்கள். போங்சு என்றால் வீட்டின் கடைக்குட்டி. எனக்கு இந்தப் பெயரே பொருத்தமாகத் தோன்றுகிறது. அண்ணன் அக்காமார் எல்லாரும் பாயை விரித்துப் படுத்த பிறகு வந்து சேரும் கடைக்குட்டிக்கு இடம் கிடைப்பதில்லை அல்லவா? அதுபோலவே, தாடையில் இடம் தீர்ந்த பின் வரும் இப்பல் சாய்ந்தோ, முழுதும் படுத்தோ, பாதி ஈறுக்குள்ளும் பாதி வெளியிலுமாகவோ நின்றுவிடுகிறது. சிலருக்கு இது முளைப்பதே இல்லை.

என் மனவுறுத்தலைத் தீர்த்துக்கொள்ளக் கிள்ளானில் இருக்கும் என் தம்பியின் நண்பரைத் தேடிப் போனேன். அவர் வாய், முக அறுவைச் சிகிச்சை மருத்துவர். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, மேசையில் கிடந்த தாளில் குதிரை லாடம் ஒன்றை வரைந்தார்.

"கீழ்த்தாடை இந்த மாதிரிதான், அக்கா. இரண்டு முனையும் காதுக்கு முன்னால மண்டை ஓட்டுல மாட்டியிருக்கு. ஒரு பக்கம் அடி விழுந்தா, விசை வளைவு முழுக்க ஓடும். எங்க எலும்பு மெலிசா இருக்கோ அங்க இரண்டாவதா உடையும். அதனாலதான் தாடை ஒரே இடத்துல மட்டும் உடையறது குறைவு" என்றார்.

எலும்புக்குள் புதைந்து கிடக்கும் பல், எலும்பு இருக்கவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தாடை மூலையின் மேல்விளிம்பு அந்த இடத்தில் தொடர்ச்சி இழக்கிறது. தாடை முறிந்து மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். கீழ் ஞானப்பல் உள்ளவர்களுக்கு மூலை முறியும் வாய்ப்பு, அது இல்லாதவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ 2 முதல் 3 மடங்கு என்று கண்டிருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் என் நெஞ்சம் கனத்தது. ஆக, ஊரார் சொன்னது சரி. நான் சொன்னது பிழை. இந்த எண்ணத்தோடுதான் வீடு திரும்பினேன்.

ஐஸ்கிரீம் குச்சி சொன்ன பாடம்

ஆறாம் ஆண்டு அறிவியலில் கட்டமைப்பின் வலிமையைப் பற்றிய பாடம் உண்டு. மறுவாரம் அதே பாடம் வந்தபோது, மாணவர்களுக்கு ஐஸ்கிரீம் குச்சிகளைக் கொடுத்தேன். பாதிக் குச்சிகளில் ஒரு முனைக்கு அருகே சிறு துளை இட்டிருந்தேன். இரு கையாலும் பிடித்து வளைக்கச் சொன்னேன். துளையிட்ட குச்சிகள் பெரும்பாலும் துளையிலேயே முறிந்தன. 'வலுக்குறைந்த இடத்தில் முறிவு ஏற்படும்' என்று கரும்பலகையில் எழுதிப் பாடத்தை முடிக்கப் போனேன்.

அப்போது பின்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "டீச்சர், துளை இல்லாத குச்சியும்தானே உடைஞ்சிடுச்சி? அது எங்க உடைஞ்சது?"

உடைந்த குச்சிகளை எடுத்துப் பார்த்தோம். இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவை நடுவில் உடைந்திருந்தன. சில, பிடித்த விரலின் ஓரத்தில். பள்ளி விட்டதும் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து அச்சிறுமியின் கேள்வியை அப்படியே கேட்டேன்: "தம்பி, அந்தப் பல் இல்லாதிருந்தால் தாடை எங்கே உடைந்திருக்கும்?"

அவர் சிரித்துவிட்டு, "இதுதான் அக்கா சரியான கேள்வி" என்றார்.

வாசகர்களும் இதைச் செய்து பார்க்கலாம். காதுக்குச் சற்று முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். ஒரு குமிழ் அசைவது தெரியும். தாடை மூட்டின் தலை அது. அதற்குக் கீழே ஒடுங்கிய கழுத்து ஒன்று உண்டு. ஞானப்பல் இல்லாதவர்களின் தாடை மூலை உறுதியாக இருக்கிறது. ஆனால், அடியின் விசை அங்கே நிற்காமல் மேலேறி இக்கழுத்தை முறித்துவிடுகிறது. முன்னே சொன்ன அதே ஆய்வுகள், ஞானப்பல் இல்லாதவர்களிடம் கழுத்து முறிவு கூடுதலாக இருப்பதையும் காட்டுகின்றன.

இரண்டில் எது தேவலை? மூலை முறிவை வாய்க்குள் இருந்தபடியே அணுகிச் சிறு உலோகத் தகடு பொருத்திச் சரிசெய்ய முடியும். மூட்டின் கழுத்தோ முகத்தசையை இயக்கும் நரம்புகள் அருகில் ஓடும் இடம். அறுவை செய்வது கடினம். சரியாகக் கூடாவிட்டால் வாய் முழுதும் திறக்காமலும், பற்கள் பொருந்தாமலும் போகக்கூடும்.

ஆகவே, ஞானப்பல் என்பது 'தாடை எங்கே முறியும்' என்பதில் பங்கு கொள்கிறது. தாடை முறிவதற்குக் காரணம் அடிதான். பல்லைப் பிடுங்கினால் முறிவு இடம் மாறலாம். அடி இல்லாமல் போகாது.

அப்படியானால் எல்லாரும் பிடுங்கிக்கொள்ள வேண்டுமா?

இந்த விபத்துச் செய்தி பரவியதும், என் மாணவர் ஒருவரின் தாயார் பதறிப்போனார். அவருடைய மூத்த மகன் பள்ளி ரக்பி அணியில் ஆடுகிறான். "நாலு பல்லையும் எடுத்திடப் போறேன், டீச்சர்" என்றார். இம்முறை நான் யோசனை சொல்லவில்லை. மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளை மட்டும் எழுதிக் கொடுத்தேன். அவற்றுக்கு நான் அறிந்துகொண்ட விடைகள் பிற பெற்றோருக்கும் பயன்படலாம்.

அடிக்கடி ஈறு வீங்கிச் சீழ் வைத்தல், அப்பல்லோ பக்கத்துப் பல்லோ சொத்தையாதல், பல்லைச் சுற்றி நீர்க்கட்டி வளருதல் ஆகியவை இருந்தால் பல்லை எடுப்பதே முறை. நீர்க்கட்டி மிகவும் கவனிக்கத்தக்கது. அது வலியில்லாமலே வளர்ந்து தாடை எலும்பை உள்ளிருந்து அரித்துவிடும். பின்னர்ச் சிறிய அடியிலும் எலும்பு முறியலாம். "வலிக்காத பல்லை ஏன் பார்க்கணும்" என்ற என் போன்றோரின் எண்ணம் பிழையாவது இங்கேதான்.

எக்குறையும் இல்லாத புதைபல்லை முன்கூட்டியே எடுக்கும் வழக்கத்தை நிறுத்தும்படி பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. நம் சுகாதார அமைச்சும் புதைந்த ஞானப்பல்லைக் கையாள்வதற்கென வழிகாட்டி வெளியிட்டுள்ளது. கீழ் ஞானப்பல்லின் வேருக்கு அருகில் உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது. பல்லை எடுக்கும்போது அது பாதிக்கப்பட்டால் கீழுதடு மரத்துப் போகலாம். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும், சிலருக்கு நிலைத்துவிடும். அடிதடி விளையாட்டில் இருப்பவர்களுக்கு எடுப்பது நல்லதா என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்தில்லை. படத்தைப் பார்த்து, ஆளைப் பார்த்து முடிவு செய்யவேண்டிய ஒன்று அது.

பல்லை எடுப்பதாலேயே தாடை முறிவதும் உண்டு. ஆனால், மிக மிக அரிது. 2002இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வொன்றில், ஏறத்தாழ ஏழரை லட்சம் ஞானப்பற்கள் எடுக்கப்பட்டதில் 37 முறிவுகளே பதிவாகியிருந்தன. இப்படி நேர்வது இளையோரைவிட நடுத்தர வயதைக் கடந்த ஆண்களிடம் மிகுதி. பல்லை எடுத்த இரண்டாம், மூன்றாம் வாரத்தில், வலி ஓய்ந்துவிட்டது என்று நம்பி எதையாவது கடிக்கும்போது 'மடக்'கென்று ஓசை கேட்குமாம். காரணம் எளிது. பல் போன குழியில் உறுதியான எலும்பு நிரம்ப நாளாகும். எனக்கும் 47ஆம் வயதில் கடைவாயில் ஒரு பல்லை எடுத்தார்கள். நான்கு வாரம் கடினமானது எதையும் கடிக்கக் கூடாது என்றார் மருத்துவர். அவ்வாண்டுத் தீபாவளியில் நானே சுட்ட முறுக்கை நானே தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அது பெரிய தண்டனையாகத் தெரிந்தது. காரணம் இப்போதுதான் புரிகிறது.

பள்ளி கைவிடும் வயது

இவற்றை எல்லாம் அறிந்த பின்பு என் மனத்தை உறுத்துவது வேறொன்று.

நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் கவனிக்கும் ஏற்பாடு பாராட்டுக்குரியது. அதற்கான பல் தாதியர் பயிற்சி 1949இலேயே பினாங்கில் தொடங்கிவிட்டது. வெள்ளுடை தாதியர் நாற்காலியோடும் கருவிகளோடும் பள்ளிக்கு வரும் நாளும், கடைசி வரிசையில் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகளும் நமக்கெல்லாம் நன்கு தெரிந்த காட்சி. ஆனால், பள்ளி வாழ்வு முடியும்போது அந்தக் கவனிப்பும் முடிகிறது. ஞானப்பல் தலைகாட்டத் தொடங்குவதோ சரியாக அப்போதுதான்.

மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கும் வயதும் அதுவே. 16 வயதில் உரிமம் எடுக்கலாம். சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். முகவெலும்பு முறிந்து மருத்துவமனைக்கு வருவோரிலும் அவர்களே முன்னிற்கிறார்கள். சுபாங் ஜெயாவை ஒட்டிச் செல்லும் கூட்டரசு நெடுஞ்சாலையில் இவர்களுக்கென்று தனித்தடம் 1970களிலேயே போடப்பட்டது. ஆனால், நெடுஞ்சாலையை விட்டு உள்சாலைக்கு வந்துவிட்டால் பிள்ளைக்குத் துணை அவன் தலையில் இருப்பது மட்டுமே.

தலைக்கவசம் இங்கே 1973 முதல் கட்டாயம். சட்டம் கவசத்தைக் கேட்கிறது; தாடையை மறைக்கும் கவசமா என்று கேட்பதில்லை. திறந்த கவசம் மண்டையைக் காக்கும். முகவாய் வெளியில்தான் இருக்கும். முகம் முழுதும் மூடும் கவசத்தில் தாடைக்குக் குறுக்கே உறுதியான பட்டை உண்டு. வெயிலில் வேர்க்கிறது, விலை கூடுதல் என்று பிள்ளைகள் தட்டிக்கழிப்பார்கள். பெற்றோரே, நான்கு பல்லையும் எடுக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிதில்லை. சிரிம் முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். தாடைவாரை இறுக்கி மாட்டுகிறானா என்று வாசலில் நின்று பாருங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

திடலில் பிள்ளை முகவாய் அடிபட விழுந்தால், நாம் இரத்தத்தைத் துடைத்துப் பிளாஸ்தர் ஒட்டி அனுப்பிவிடுகிறோம். அடி முகவாயில், முறிவு காதோரத்தில் இருக்கலாம். வளரும் பிள்ளைக்கு மூட்டின் கழுத்து முறிந்து கவனிக்கப்படாமல் போனால், தாடை ஒரு பக்கமாக வளரவும், வாய் திறக்க முடியாமல் மூட்டு இறுகிப்போகவும் கூடும்.

ஆகவே கேளுங்கள்: வாயை முழுதும் திறக்க முடிகிறதா? மூடினால் பற்கள் முன்புபோல் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா? காதுக்கு முன்னே வலிக்கிறதா? கீழுதடு மரத்திருக்கிறதா? நாக்குக்கு அடியில் இரத்தம் கட்டியிருக்கிறதா? காதிலிருந்து இரத்தம் வருகிறதா? ஒன்றில் ஐயம் வந்தாலும் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். வாயில் இரத்தம் இருந்தால் மல்லாக்கப் படுக்க வைக்காமல், முன்னே குனிந்து உட்கார வைக்க வேண்டும்.

"நன்றாகத்தானே பேசுகிறான்" என்று ஏமாந்துவிடக் கூடாது. 2002ஆம் ஆண்டு ஆண்டிகுவா டெஸ்ட் ஆட்டத்தில் மெர்வின் டில்லன் வீசிய பந்து தாக்கி அனில் கும்ப்ளேவின் தாடை முறிந்தது. தலையைச் சுற்றிக் கட்டுப்போட்டுக்கொண்டு மறுபடியும் திடலுக்கு வந்து 14 ஓவர்கள் வீசி, பிரையன் லாராவையும் வீழ்த்தினார். முறிந்த தாடையோடு ஒருவர் அவ்வளவு செய்ய முடியும் என்றால், ஒரு பத்து வயதுப் பிள்ளை "ஒன்றுமில்லை, டீச்சர்" என்று சொல்லிவிட்டு வகுப்பில் போய் உட்கார முடியாதா?

தாயாருக்குச் சொன்ன விடை

கம்பியை எடுத்த பிறகு அவ்வீட்டுக்கு மீண்டும் சென்றேன். பையன் மென்மையான இட்டிலியைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தான். தாயாரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அந்தப் பல் இல்லாதிருந்தால் இடப்பக்க மூலை தப்பியிருக்கலாம். காதோர மூட்டு முறிந்திருக்கலாம். எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. அன்று பல்லை எடுக்காமல் விட்டதால் மகனுக்கு நீங்கள் தீங்கு செய்துவிடவில்லை என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதானே, டீச்சர்?"

"இல்லைங்க. தெரியாமல் சொன்னது தற்செயலாகப் பெரிய பிழையாகிப் போகவில்லை, அவ்வளவுதான். ஆண்டுதோறும் பார்க்கச் சொன்ன மருத்துவர் சொன்னதுதான் சரி. நான் சொன்னதால் அதுவும் நின்றுபோச்சு. நீங்க என்னை மன்னிக்கணும்" என்றேன்.

நம் சமுதாயத்தில் ஆசிரியர் சொல்லுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. உரம் முதல் உடல்நலம் வரை எல்லாவற்றுக்கும் நம்மிடம் யோசனை கேட்கிறார்கள். அந்த மதிப்புக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு, தெரியாததைத் "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று கூறுவதே.

நான் கிளம்பும்போது வாசலில் புதிய கவசம் ஒன்று மாட்டியிருந்தது. முகம் முழுதும் மூடும் கவசம். "வேர்க்குதுன்னு இப்பவே சொல்றான்" என்றார் தாயார்.

வேர்க்கட்டும்.